எல்லாரிடமும் எரிந்து விழுகிற ஊர்

பொங்கலும் தீபாவளியும் வந்தால் போதும், கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைப் படம் எடுத்துப் போட்டு, "இவ்வளவு கஷ்டப்பட்டு சென்னையில் இருக்கணுமா, பேசாமல் ஊரோடு இருந்திருக்கலாம்" என்று பதிவு மேல் பதிவாக வரும். சென்னையில் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது, எதைக் கேட்டாலும் வள்ளென்று விழுகிறார்கள், ஊரில் என்றால் "வாங்க, சாப்பிட்டீங்களா" என்று கேட்க ஆள் உண்டு என்பார்கள். எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த "வாங்க" ஊரில் எல்லாருக்கும் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

எனக்குத் தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். ஊருக்குக் கிழக்கே, ஓடையைத் தாண்டி எங்கள் தெரு. எப்படிப்பட்ட தெரு என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அப்பா கொத்தனார், அறுபது வயதைத் தாண்டியவர். ஊரில் பாதி வீட்டுக்குச் சுவர் எழுப்பியது அவர் கைதான். ஊருக்குள் போனால், பத்தாம் வகுப்புப் படிக்கிற பையன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். "ஏ, இங்க வா" என்பான். அப்பாவும் போய் நிற்பார். அங்கே யாரும் கத்துவதில்லை. யார் எங்கே நிற்க வேண்டும், யார் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடுவதால் கத்த வேண்டிய தேவையே இல்லை.

அவரை முதல்முறையாகச் சென்னைக்குக் கூட்டி வந்தபோது எழும்பூரில் ஆட்டோ பிடித்தோம். பையை உள்ளே தள்ளி வைக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. "யோவ் பெருசு, ஏறுறதுன்னா ஏறு, பின்னாடி வண்டி நிக்குதுல்ல" என்று டிரைவர் சத்தம் போட்டார். நான் சண்டைக்குப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். போகிற வழியில், சிக்னலில் குறுக்கே வந்து நின்ற பெரிய காரைப் பார்த்து அதே டிரைவர் இன்னும் மோசமாகத் திட்டினார். காருக்குள் இருந்தவர் யார், எவர் என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அப்பா சொன்னார்: "அவன் எல்லாரையுந்தானம்மா அப்படிப் பேசுதான்." அவர் குரலில் வருத்தமே இல்லை. பெரிய நிம்மதிதான் தெரிந்தது.

"சென்னையில் மரியாதை இல்லை" என்று எழுதுகிற நண்பர்கள் இந்த நிம்மதியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு என் பெயர் தெரியாமல் இருப்பதில் எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்து இறங்கி நடந்தால், திண்ணையில் உட்கார்ந்து "எங்க போயிட்டு வர்ற?" என்று கேட்க இங்கே ஆள் கிடையாது. ஊரில் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிக்கும் முன்பே செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதை அக்கறை என்பார்கள். அந்த அக்கறையால் படிப்பு நின்றுபோன பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

சரி, அதற்காகச் சென்னையின் சிடுசிடுப்பு நல்லது என்று சொல்ல வரவில்லை. அது மனிதரைத் தேய்க்கிறது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது யாரிடமாவது எரிந்து விழ வேண்டும் போல இருக்கும், அப்படியே அம்மாவுக்கு போன் போட்டால் அவளிடம்தான் விழும். ஆனால் இது சென்னைக்காரர்களின் குணம் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரும்பாலும் இது பற்றாக்குறையால் வருகிற கோபம்.

ஆட்டோவையே எடுத்துக்கொள்வோம். 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அது பத்து வருஷத்துக்கும் மேலாக அப்படியே கிடந்தது. அதற்குள் எரிபொருள், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. மீட்டர் போட்டால் அவருக்குக் கட்டுப்படியாகாது, போடாவிட்டால் நமக்குக் கட்டுப்படியாகாது. ஒவ்வொரு சவாரியும் ஒரு தகராறோடு தொடங்குகிறது என்றால், அந்தத் தகராறை உண்டாக்கியது அந்த டிரைவரா?

தி.நகர் ரங்கநாதன் தெருவில் புடவை எடுத்துப் போடுகிற பெண் முகத்தைச் சுளித்தாள் என்று கோபப்படுகிறோம். அவளும் என் மாதிரி தெற்கத்திப் பெண்ணாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்படுகிற இடத்தில் நின்றுகொண்டு அவளிடம் சிரிப்பையும் எதிர்பார்க்கிறோம்.

2019 கோடையை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அப்போது நான் இருந்த தெருவில் லாரி வருகிற நேரம் யாருக்கும் தெரியாது. விடியற்காலையிலேயே பச்சை, மஞ்சள், ஊதா என்று குடங்களை வரிசையில் போட்டு, கயிற்றால் ஒன்றோடொன்று கட்டி வைப்பார்கள். யாராவது ஒரு குடத்தை நகர்த்திவிட்டால் அன்றைக்கு வாயில் வராத வசவே இருக்காது. மழை பெய்து குழாயில் தண்ணீர் வந்தது, சண்டையும் நின்றது. வசவு வாங்கியவரும் கொடுத்தவரும் அப்புறம் ஒரே படிக்கட்டில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்களின் குணம் மாறிவிட்டதா என்ன? தண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இந்த ஊர் மெதுவான குரலில் கேட்கிற கேள்விகள் மேல்தான். வாடகைக்கு வீடு தேடும்போது போனில் மிக மரியாதையாகக் கேட்பார்கள். "எந்த ஊரும்மா? அப்பா என்ன பண்றார்? நான்வெஜ் சமைப்பீங்களா?" பதில் சொல்லச் சொல்ல அந்தக் குரல் இறங்குவது தெரியும். "வேற ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாங்கம்மா" என்று முடியும். அட்வான்ஸ் என்றால் சும்மாவா? வாடகைச் சட்டம் பொதுவாக மூன்று மாதம் என்கிறது, ஆனால் இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வழி விட்டிருக்கிறது. வீடு கிடைக்காமல் அலைகிறவள் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போட மாட்டாள்? எரிந்து விழுகிற ஆட்டோக்காரரைவிட, "அம்மா" போட்டுப் பேசிக் கதவைச் சாத்துகிற இந்த வீட்டுக்காரர்கள்தான் எனக்கு என் ஊரை நினைவுபடுத்துகிறார்கள்.

அடையாறு, கூவம் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்ட மக்களிடம் கேட்டால் இதைவிட நன்றாகச் சொல்வார்கள். ஏற்கெனவே இருந்த வீடு போனது, பக்கத்திலிருந்த வேலை போனது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போனது. புதிதாக வேலை கேட்கப் போனால், முகவரியில் கண்ணகி நகர் என்று இருப்பதைப் பார்த்ததுமே முகம் மாறுகிறது. இந்த நகரத்தைக் கட்டியவர்களும் கூட்டுகிறவர்களும் அவர்கள். அவர்களை ஓடைக்கு அந்தப் பக்கம் தள்ளிவைக்கும் வேலையைச் சென்னையும் செய்கிறது. எங்கள் ஊரில் செய்தால் தப்பு, இங்கே செய்தால் நகர வளர்ச்சி என்று என்னால் பேச முடியாது.

ஆகவே, "இவ்வளவு கஷ்டப்பட்டு இங்கே இருக்கணுமா" என்று கேட்டால், எனக்கு இருக்கணும். என் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறது, என் சம்பளத்தை என்ன செய்வது என்று நான் முடிவு செய்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் யாரும் எதுவும் கேட்காமல் நாள் முழுக்க உட்கார முடிகிறது. ஊரில் நிலமும், நாலு பேரின் மரியாதையும், திரும்பிப் போக ஒரு வீடும் இருக்கிறவர்கள் வேறு முடிவு எடுக்கலாம், அது அவர்கள் பாடு. ஆனால் இங்கே இருப்பதற்காக இத்தனை வதைபட வேண்டும் என்று ஒன்றும் எழுதி வைக்கவில்லை. பஸ் நேரத்துக்கு வரட்டும். பெண்கள் டிக்கெட் இல்லாமல் போகிற வெள்ளை போர்டு பஸ், பெண்கள் மட்டும் நிற்கிற ஸ்டாப்பிலும் நிற்கட்டும். ஆட்டோ கட்டணத்தை வருஷா வருஷம் திருத்தட்டும். நடைபாதையில் நடக்க இடம் இருக்கட்டும். எங்கள் குரல் தானாகவே பாதி இறங்கிவிடும்.

என் தங்கை பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். "அக்கா, சென்னைல எல்லாரும் கடுகடுன்னு இருப்பாங்களாமே" என்று போன வாரம் கேட்டாள். ஆமாம், இருப்பாங்க, வா என்றேன். தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் வேலைக்குப் போகிற பெண்களுக்காக அரசு நடத்துகிற தோழி விடுதிகளில் இடம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ட்ரெயின் போகிற ஊர்தான், சீசன் டிக்கெட் எடுத்தால் செலவும் குறைவு. அங்கே தங்கியிருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் மாதம் எவ்வளவு ஆகிறது, சாப்பாடு எப்படி என்று கமெண்டில் சொல்லுங்கள்.