வீட்டு வாசல் ரோடு யாருக்குச் சொந்தம்?

"உங்கள் வீட்டு வாசலுக்கு முன்னால் உள்ள ரோடு உங்களுக்குத்தான். வேறு யாராவது வண்டி நிறுத்தினால் காற்றைப் பிடுங்கி விடலாம், கேஸ் ஆகாது." மதுரையில் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

பட்டாவில் உள்ள எல்லையோடு உங்கள் உரிமை முடிகிறது. அதற்கு வெளியே இருப்பது பொதுத் தெரு. எங்கே வண்டி நிறுத்தலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 117 அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவர்களுக்கும்தான் தருகிறது. எஸ்.எஸ். காலனியிலோ அண்ணா நகரிலோ பெயின்ட் வாளியில் சிமென்ட் ஊற்றிக் கம்பி நட்டு 'நோ பார்க்கிங்' அட்டை மாட்டினால் அது செல்லாது. ராத்திரி பைக்கில் வருகிறவர் அந்தக் கம்பியில் மோதி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

காற்றைப் பிடுங்குவது, கண்ணாடியை உடைப்பது? பிறர் பொருளுக்குச் சேதம் செய்வது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 324-ன் கீழ் குற்றம். டயரைக் கிழித்தவர் மேல் வழக்கே வரலாம்.

சரி, கேட்டை மறித்து நிறுத்தினால்? அங்கே நியாயம் உங்கள் பக்கம். வீட்டு நுழைவாயிலை மறித்து நிறுத்தக் கூடாது என்று சாலை விதியே இருக்கிறது. வண்டி எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து, 100-க்கு அழையுங்கள். தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல உத்தரவிடும் அதிகாரம், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 127-ன்படி, சீருடையில் உள்ள காவலருக்கு உண்டு.

மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் கார் பார்க்கிங் இல்லாத பழைய வீடுகள்தான் அதிகம். அங்கே தெருவை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டால், ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வரும்?