ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் வேலை எது?

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒரு மூதாட்டியின் வீட்டில் அவரது கட்டிலருகே உட்கார்ந்திருந்த அந்தப் படத்தையும், "பிழைக்க மாட்டாதவருக்கு டாக்டர் எதற்கு, பிழைக்கக் கூடியவர்களைப் போய்ப் பார்க்கட்டும்" என்று அதன் கீழே யாரோ எழுதியதையும் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போவதாகவும் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். அந்தக் கருத்தை விரும்பியவர்களில் என் நண்பர்களும் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் செய்தது அவருடைய வேலை. குணமாக்க முடியாத நிலையிலும் நோயாளியின் வேதனையைத் தணிக்கும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையை ஆரம்ப சுகாதார சேவையோடு இணைக்க வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 2014-இலேயே தீர்மானம் போட்டது. கேரளம் 2008-இல் இதற்கென்றே கொள்கை வகுத்து, பஞ்சாயத்துகள் வழியாகச் செவிலியர்களை வீடுகளுக்கு அனுப்புகிறது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் இந்தச் சேவை இருக்கிறது.

என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். புண் வெடித்துச் சீழ் வைத்த பிறகு, பெரிய மருத்துவமனை ஒன்றில் "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்றார்கள். செய்வதற்கு எவ்வளவோ இருந்தது என்பதைக் காட்டியவர் எங்கள் ஊர் மருத்துவர்தான். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணின் மேல் தூவச் சொன்னார். சில நாட்களில் நாற்றம் அடங்கியது. வாசலோடு நலம் விசாரித்துப் போன தெருப் பெண்கள் உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மார்பின் என்ற வலி மருந்தை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திராமல் கொடுக்க வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார். கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து எழுதினார்.

மார்பின் என்றதும் "போதைக்குப் பழக்குகிறார்கள்" என்று வருவீர்கள். வலிக்கு ஏற்ற அளவில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் மார்பின் நோயாளியைப் போதை அடிமையாக்குவது மிக அரிது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்பினை வைத்திருக்கவே தயங்கிய காலத்தில் எத்தனையோ பேர் வலியில் கதறியே இறந்தார்கள். 2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி விதிகளைத் தளர்த்தியதே அதனால்தான். சட்டமே இறங்கி வந்த பிறகும் நம் உறவினர்கள் இறங்கி வரவில்லை. "சாகப் போகிறவளுக்கு ஏன் இந்தச் செலவு" என்று அம்மாவின் காதுபடவே கேட்டார்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதை அவர்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

புறநோயாளிகள் வரிசையில் நிற்கிறார்களே என்பது நியாயமான கேள்விதான். அதற்கு இன்னொரு மருத்துவரையும் செவிலியரையும் கேட்டுப் போராடுங்கள், நானும் வருகிறேன். படுத்துக் கிடப்பவரை வரிசையிலிருந்து வெளியே தள்ளாதீர்கள். அவரும் அந்த நிலையத்தின் நோயாளிதான். இது சிறப்பு மருத்துவரின் வேலை என்பவர்களுக்கும் சொல்கிறேன்: அடங்காத வலிக்கு அவர் வேண்டும்தான், ஆனால் வீட்டில் யார் இரவு விழித்திருக்கிறார்கள், யாரால் கட்டு மாற்ற முடியும், யார் தூக்கமின்றி உடைந்து கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் குடும்பத்தை நெடுநாள் பார்த்து வருபவருக்குத்தான் தெரியும். அம்மாவின் மருந்தைப் பற்றிப் பேசி முடித்ததும் எங்கள் மருத்துவர் என்னைப் பார்த்து, "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்பார். அந்த நாட்களில் என்னை அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

மனு எழுதுகிறவர்கள், அதில் கையெழுத்து வாங்க முதலில் அந்த மூதாட்டியின் வீட்டுக்குப் போய், அவரைக் கவனித்துக் கொள்பவரிடம் கேளுங்கள்.