ஹார்ட்பீட் பச்சையாக இருந்தால் போதுமா?

பல ஏஜென்ட்டுகள் (தாமாக முடிவெடுத்து இயங்கும் மென்பொருள்கள்) சேர்ந்து வேலை செய்யும் அமைப்பைக் கண்காணிக்க, ஒவ்வொன்றும் 'உயிரோடு இருக்கிறேன்' என்று அவ்வப்போது அனுப்பும் ஹார்ட்பீட் சிக்னலைப் பார்த்தாலே போதும் என்கிறது ஒரு கட்டுரை. போதாது. முப்பந்தல் காற்றாலைகளை ஏஜென்ட்டுகள் தங்களுக்குள் பேசி இயக்குவதாக வைத்துக்கொள்வோம். 'நீ உற்பத்தியைக் குறை', 'இல்லை, நீ குறை' என்று இரண்டு ஏஜென்ட்டுகள் மாறிமாறித் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். சிபியூ, மெமரி, ஹார்ட்பீட் எல்லாம் பச்சை. வேலை மட்டும் நடக்காது. இந்த லைவ்லாக்கைப் பிடிக்க, கவனிக்க வேண்டியது உரையாடலை.

ஒவ்வொரு செய்தியிலும் உரையாடல் எண், அனுப்புநர், பெறுநர், செய்தி வகை பதிய வேண்டும். அழைப்பு, முன்மொழிவு, ஏற்பு, முடிவு என்ற வரிசையை ஸ்டேட் மெஷினாக (எந்த நிலைக்குப் பின் எந்த நிலை வரலாம் என்ற விதிகளாக) எழுதி வையுங்கள். ஏற்பு வராமலே வேலை தொடங்கினாலோ, ஒரே வேலை திரும்பத் திரும்பக் கைமாறினாலோ அலாரம் அடிக்கட்டும். வரிசைக்கு சர்வர் கடிகாரத்தை நம்பாதீர்கள். சில மில்லிவினாடி விலகினாலே கேள்விக்கு முன்பே பதில் வந்ததாகக் காட்டும். கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978-ல் எழுதிய தர்க்கக் கடிகாரம் (நேரத்தைப் பார்க்காமல், செய்திகளுக்கு எண்ணிட்டு எது முன், எது பின் என்று சொல்வது) இதற்குத்தான்.

டைம்அவுட்டுக்கு (பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்புக்கு) சராசரி உதவாது, 99-ஆம் சதமானத்தை, அதாவது நூற்றில் 99 பதில்கள் வந்துசேரும் நேரத்தை எடுங்கள். அதையும் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களுக்குத் தனியாகக் கணக்கிடாவிட்டால், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஏறியதும் செய்திகள் பெருகி, பதில்கள் தாமதமாகி, பொய் அலாரம் கொட்டும் (பிறகு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்). இதையெல்லாம் கண்காணிக்கும் மானிட்டர் நிரலைத் தனி பிராசஸாகவே ஓட்டுங்கள். ஏஜென்ட்டுக்குள் வைத்தால் அது உறையும்போது இதுவும் உறைந்துவிடும்.