மத்தியானம் அள்ளிய தண்ணீர்

நொய்யல் ஆற்றுத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் கூடியிருக்கிறது, அதனால் ஆறு தேறி வருகிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, தண்ணீரை எத்தனை மணிக்கு அள்ளினார்கள்?

சில வருடம் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். பாசி மண்டிய தேக்கத்தில் மத்தியானம் 2 மணிக்கு அள்ளினால் ஆக்சிஜன் அமோகமாக இருக்கும். வெயிலில் பாசி விட்ட மூச்சு அது. இரவெல்லாம் அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். பாட்டிலில் மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டால், ஆக்சிஜன் உள்ள தண்ணீர் பழுப்பாகத் திரியும். ஒருநாள் விடியற்காலையில் அள்ளியது வெள்ளையாகவே நின்றது. முந்தின நாள் மத்தியானம் அதே இடத்தில் நல்ல பழுப்பு!

நம் ஊர்ச் சூடு வேறு. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். பி.ஓ.டி. சோதனையைக்கூட (தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கின்றன என்று பார்ப்பது) 20 டிகிரியில் 5 நாள் என்று வைக்காமல், இங்கே 27 டிகிரியில் 3 நாள் என்று செய்கிறோம்.

அப்புறம், ஆற்றில் கலக்கும் திருப்பூர்ச் சாயக்கழிவின் உப்பு ஆக்சிஜன் கணக்கில் தெரியவே தெரியாது. நொய்யல் மேல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே வயல்கள் பாழானது அந்த உப்பால்தான். டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு, எவ்வளவு என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே?