தற்காலிகப் பை பற்றி ஒரு திருத்தம்

தம்பி, மாமாவின் மலக்குடல் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை பற்றி நீங்கள் கேட்டதற்கு ஒருவர், “வயிற்றில் பை வைப்பது பழைய முறை, வேண்டாம் என்று சொல்லுங்கள், கொழும்பில் பையில்லாமலே செய்வார்கள்” என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பை என்பது, குடலை வயிற்றில் ஒரு துவாரம் வழியாக வெளியே எடுத்து, மலம் சேர அதன்மேல் ஒட்டுவது; உள்ளே தைத்த இடம் ஆறும்வரை மலம் அந்தப் பக்கம் போகாமல் இருக்கத்தான் அது.

பை எல்லாருக்கும் தேவையில்லை என்பது சரி. கட்டி மலக்குடலின் மேல்பகுதியில் இருந்தால் பெரும்பாலும் பையில்லாமலே முடியும். மட்டக்களப்பில் செய்தாலும் கொழும்பில் செய்தாலும் அது கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஆசனவாய்க்குக் கிட்டக் குடலை வெட்டித் தைத்தால் அந்தத் தையல் கசியக்கூடும். கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குப் பயம் இன்னும் கூட. கசிந்தால் மலம் உள்ளே பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். சுவீடனில் 234 பேரிடம் செய்து 2007இல் வெளியான ஆய்வில், பை வைத்தவர்களில் 10.3 வீதமானோருக்கும் வைக்காதவர்களில் 28 வீதமானோருக்கும் கசிவு ஏற்பட்டது. இது சின்ன வித்தியாசமா?

பையாலும் கஷ்டம் உண்டு, மறைக்கவில்லை. சிறுகுடலில் வைத்தால் நீரும் உப்பும் நிறைய வெளியேறும். நம்முடைய வெயிலுக்கு வெறும் தண்ணீர் போதாது, ஜீவனி போன்ற உப்பும் சீனியும் கலந்த கரைசலும் வேண்டும். வழக்கமாகச் சில மாதங்களில், தையல் ஆறியதைப் பரிசோதித்துவிட்டு, குடலை உள்ளே வைத்து அந்தத் துவாரத்தை மூடுவார்கள். சிலருக்கு மூட முடியாமலும் போகும்.

அடுத்த கிளினிக்கில் சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேராகவே கேளுங்கள்: கட்டி ஆசனவாயிலிருந்து எத்தனை சென்ரிமீற்றரில் இருக்கிறது, மாமாவுக்குக் கசியும் வாய்ப்பு எவ்வளவு, பை வைத்தால் எப்போது மூடலாம்?