ஐந்து மணிக்கே அஸ்தமனம்

இங்கிலாந்தில் ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். புத்தகக் கடைக்காரர்களுக்கு மட்டும் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. யார்க்கில் ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நாலே முக்காலுக்கு நுழைந்தேன். மாடியில் பயண நூல் அலமாரியில் கை வைத்ததும் கீழே விளக்கை அணைக்கிறார்கள். 'நிதானமாகப் பாருங்கள்' என்று வாய் உபசாரம் வேறு! சரி, மறுநாள் போகலாமென்றால் திங்கட்கிழமை விடுமுறையாம்.

அப்புறம் இந்த அல்ன்விக். பழைய ரயில் நிலையத்துக்குள்ளேயே பார்ட்டர் புக்ஸ் என்று அருமையான கடை. ஆனால் அந்த ஊருக்குப் பயணிகள் ரயிலை 1968இலேயே நிறுத்திவிட்டார்கள். அல்ன்மவுத்தில் இறங்கி, பஸ்ஸுக்குத் தேவுடு காக்க வேண்டும். இவ்வளவு அலைந்து வாங்கிய கெட்டி அட்டைப் புத்தகங்களை விமான நிலையத்தில் தராசில் ஏற்றச் சொல்கிறார்கள். கைப்பை ஏழு கிலோவைத் தாண்டக் கூடாதாம்!