அடுப்படியைக் கொடுங்கள்

சீனப் புத்தாண்டு நெருங்கினால் சிங்கப்பூரில் எங்கள் அலுவலகத்தில் யூஷெங் என்ற கலவை உணவு வாங்கிவிடுவார்கள். மேசையைச் சுற்றி நின்று, துருவிய காய்களையும் பச்சை மீனையும் சாப்ஸ்டிக்கால் உயரத் தூக்கிப் போட்டு வாழ்த்துச் சொல்ல வேண்டும். சீனாவின் ஷான்டோங் மாநிலத்திலிருந்து வந்து எங்களோடு வேலை பார்க்கும் பெண்ணும் சேர்ந்து தூக்கிப் போடுவார். ஒருமுறை என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எங்கள் ஊரில் இது கிடையாது. இங்கே வந்துதான் பார்த்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. தெருவெல்லாம் சிவப்பு விளக்கு தொங்கும் ஊரில் ஒரு சீனப் பெண்ணுக்கு ஊர் ஏக்கம் எதற்கு என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

அவர்களுக்குப் பண்டிகை என்பதே முந்தின நாள் இரவுதான். எங்கே வேலை பார்த்தாலும் அந்த இரவுச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதற்காகத்தான் சீனாவில் 40 நாள் ரயிலும் பேருந்தும் நிரம்பி வழிகின்றன. 2025இலிருந்து அந்த முந்தின நாளையும் அங்கே சட்டப்படி விடுமுறையாக்கிவிட்டார்கள். இங்கே புத்தாண்டுக்கு இரண்டு நாள் விடுமுறை. அதற்குள் வட சீனாவுக்குப் போய்த் திரும்ப முடியுமா? சரி, இங்கேயே கொண்டாடலாம் என்றால், அவர் வாடகைக்கு இருக்கும் அறையில் சமைக்கக் கூடாது. தண்ணீர் சுடவைக்கலாம், அவ்வளவுதான். நம்மில் எத்தனை பேர் அப்படிப்பட்ட அறையில் பொங்கல் அன்றைக்குப் பொட்டலச் சோறு பிரித்திருக்கிறோம்! நான் பிரித்திருக்கிறேன்.

2025இல் தை அமாவாசையும் சீனப் புத்தாண்டும் ஒரே நாளில், ஜனவரி 29இல், வந்தன. முந்தின நாள் சாயங்காலம் அவரை வீட்டுக்கு அழைத்தேன். சாம்பார், பாயசம் என்று மனசுக்குள் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அவர் தயங்கித் தயங்கி, "சாப்பாடு வேண்டாம், சமையலறையை இரண்டு மணி நேரம் தருவீர்களா?" என்று கேட்டார்.

மறுநாள் அமாவாசை. ஊரிலிருந்து மாமியார் வேறு வந்திருந்தார். கறி கிறி என்றால் என்ன செய்வது என்று பயந்தேன். அந்தப் பெண் கொண்டுவந்தது டோஃபு, சீன முட்டைக்கோஸ், கண்ணாடி சேமியா. வருஷம் சுத்தமாக, சச்சரவில்லாமல் போக வேண்டும் என்று அந்த இரவில் தங்கள் வீட்டில் கறியில்லாத ஜியாவ்சிதான், அதாவது பூரணம் வைத்து மடித்து வேகவைக்கும் சீனக் கொழுக்கட்டைதான், செய்வார்களாம். முன்னோருக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்களாம். இதைக் கேட்டதும் மாமியார், "அப்போ நம்ம வழிதான், வாம்மா" என்று பூரிக்கட்டையை எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பெண் மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரைமணி ஊறவிட்டார். உருண்டையை இடது கையால் சுழற்றிக்கொண்டே வலது கையால் ஓரத்தை மட்டும் தேய்க்கிறார். நடு கனமாகவும் ஓரம் மெல்லிசாகவும் வருகிறது. மாமியார் சோமாசி மடிக்கிற மாதிரி மடித்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்து நிறுத்திக் காட்டினார்: வயிறு நிமிர்ந்து உட்கார வேண்டும். கொதிக்கும்போது மூன்று தடவை பச்சைத் தண்ணீர் விட்டார். வெந்த தண்ணீரைக் கொட்டப்போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்ட பிறகு அதைத்தான் குடிப்பார்களாம். நம் வடிகஞ்சி மாதிரி.

பெய்ஜிங் நேரமும் சிங்கப்பூர் நேரமும் ஒன்றே. எட்டு மணிக்குச் சீனத் தொலைக்காட்சியின் புத்தாண்டு இரவு நிகழ்ச்சி தொடங்கியபோது அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து ஊரிலிருக்கும் தன் அம்மாவைக் கூப்பிட்டார். அந்த வீட்டு மேசையில் ஆளில்லாத ஒரு நாற்காலி, அதன் முன் ஒரு காலிக் கிண்ணம், குச்சிகள். இவருக்காக வைத்தது. இவர் தன் தட்டைத் தூக்கிக் காட்டினார். அம்மா ஒவ்வொரு ஜியாவ்சியையும் உற்றுப் பார்த்து ஏதோ குறை சொன்னார் போலிருக்கிறது. இவர் அழுதுகொண்டே சிரித்தார்.

தூரத்தில் இருப்பவரை விருந்துக்குக் கூப்பிடுவது நல்ல மனசுதான். ஆனால் விருந்தில் அவர் நம் வீட்டு விருந்தாளியாக மட்டுமே இருக்க முடிகிறது. தன் கை மாவில் படும்போதுதான் அவர் வீட்டுப் பண்டிகை அங்கே வருகிறது. அதனால் வீட்டு உரிமையாளர்களே, வருஷம் முழுக்க வேண்டாம், அந்த ஒரு சாயங்காலமாவது அறைக்காரர்களுக்கு அடுப்பைக் கொடுங்கள். மதியமே சொல்லிவிடுங்கள், மாவு ஊற நேரம் வேண்டும்.